கூட்ஸ் வண்டியில் படித்த ஏ பி சி டி

ஆங்கில ஓ ஒரு முழு வட்டம் என்பது எனக்கு இருபத்து நாலாம் வயதில்தான் தெரியவந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதையும் தாமதமாகத் தெரிந்துகொள்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். வெட்கம் எங்கே என்றால், அதற்கு முந்தைய நாலு மாதமாக நான் மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில், பதினோரு பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து எழுதப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஓவை முழு வட்டமாகச் சரியாக எழுதிய ஒரே பையனின் காதையும் திருகியிருந்தேன்.

இப்போது என் வீட்டில் ஆங்கிலப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "சின்ன வயசிலேயே இங்கிலீஷ் படிச்சிருப்பீங்க போலிருக்கே" என்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவைக்கிறேன். எதிலிருந்து படித்தேன் என்று நல்லவேளையாக யாரும் கேட்பதில்லை.

இருபதுகளில் எனக்கு ரயில்வே யார்டில், பெயின்ட் கொட்டகையில் வேலை. பழுது பார்த்துச் சாம்பல் நிறம் அடித்து வரும் சரக்குப் பெட்டிகள்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் எழுத்தும் எண்ணும் போடுவது என் பொறுப்பு. போடுவது என்றுதான் சொல்லவேண்டும். எழுதுவது என்றால் கை எழுத வேண்டும். என்னிடம் ஒரு மரப்பெட்டி நிறையத் தகரத் தகடுகள் இருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் ஓர் எழுத்தின் உருவம் வெட்டி எடுக்கப்பட்டு ஓட்டையாக இருக்கும். தகட்டை வண்டிமேல் வைத்து, பிரஷ்ஷால் நாலு குத்துக் குத்திவிட்டு எடுத்தால் எழுத்து அங்கே நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடச் செய்யலாம். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் அப்படித்தான் செய்தாராம். ஒரு முறை முழு வண்டியும் தலைகீழ் எழுத்தோடு ஈப்போ வரை போய்த் திரும்பி வந்ததாகச் சொல்வார்கள். நான் அப்படிப்பட்டவன் அல்லன். ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் உட்கார்ந்தவன். ஆகவே தகடுகளைப் பார்த்துப் பார்த்து ஆங்கிலத்தை நானே கற்றுக்கொண்டேன். எந்த எழுத்துக்கு என்ன பெயர் என்பதை மட்டும் கொட்டகை மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டேன். மிச்சமெல்லாம் சொந்த முயற்சி.

தகட்டு எழுத்தில் ஒரு விசேஷம் உண்டு. வயிறு உள்ள எழுத்து எதுவும் மூடியிருக்காது. ஓ என்பது இரண்டு பிறைகள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். மேலேயும் கீழேயும் ஒரு விரல் இடைவெளி. டி என்பது ஒரு கம்பு, கம்பைத் தொடாமல் பக்கத்தில் ஒரு வில். ஏயின் குறுக்குக் கோடு இரண்டு காலையும் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். இப்படி வயிறுள்ள எழுத்துகள் ஏழு. ஏன் இப்படி என்று நான் யோசித்ததே இல்லை. தமிழில் நாம் புள்ளி வைக்கிறோம், கொம்பு போடுகிறோம். வெள்ளைக்காரன் இடைவெளி விடுகிறான். அவரவர் வழக்கம்.

கடைப் பலகைகளில் மூடிய எழுத்தைப் பார்க்கவே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. சரக்குப் பெட்டி, தீ வாளி, தபால் மூட்டை, கிடங்குக் கதவு என்று சர்க்கார் சாமான் எதைப் பார்த்தாலும் எழுத்தில் இடைவெளி இருந்தது. சோப்புக் கடை, துணிக் கடை, கள்ளுக் கடை என்று தனியார் சாமான் எதைப் பார்த்தாலும் எழுத்து மூடியிருந்தது. இங்கிலீஷ் யாருடைய பாஷை? சர்க்காருடைய பாஷை. சர்க்காருக்குத் தன் எழுத்து தெரியாமல் இருக்குமா? கடைக்காரன்தான் அவசரத்தில் மூடிவிடுகிறான். இந்த யோசனையில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். முடிவு மட்டும்தான் பிழை.

வாத்தியார் பட்டம் எனக்கு ஒரு தகரப் பெட்டியால் வந்தது. லயத்திலிருந்த போர்ட்டர் ஒருவர் ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் தன் பெட்டிமேல் ஆங்கிலத்தில் பெயர் போட்டுத் தரச் சொன்னார். கொட்டகைத் தகட்டை வெளியே எடுத்துவரக் கூடாது. ஆகவே வெறுங்கையால், தகட்டில் இருப்பதுபோலவே இடைவெளியெல்லாம் விட்டு, அரை நாள் உட்கார்ந்து எழுதினேன். லயமே கூடி நின்று பார்த்தது. "அச்சுல அடிச்ச மாதிரி இருக்கு லா" என்றார் ஒருவர். கையெழுத்துக்கு இதைவிடப் பெரிய புகழ் எங்கள் லயத்தில் கிடையாது.

மறுநாள் சாயங்காலம் பாயிண்ட்ஸ்மேன் மனைவி என்னைத் தேடி வந்தார். தண்டவாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிட்டு வண்டிக்கு வழி மாற்றுகிறவர் அவருடைய கணவர். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுவதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறக்கமாட்டார். இருவருக்குமாகச் சேர்த்து அந்த அக்காவே பேசிவிடுவார்.

"தம்பி, பெட்டியில பேர் போட்டது நீங்கதானே?"

"ஆமாங்க அக்கா."

"எம் மகளுக்கு எட்டு முடியப்போவுது. கன்னியாஸ்திரி ஸ்கூல்ல ஜனவரிக்குப் பிள்ளை எடுக்குறாங்க. ஒம்பது ஆயிட்டா எடுக்கமாட்டாங்களாம். ஏ பி சி டி எழுதிக் காட்டினா உடனே சேத்துக்குவாங்களாம்."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"அண்ணன் என்ன சொல்றார்?"

"அவரா? வருசத்துக்கு ஒரு பேச்சு. இந்த வருசப் பேச்சு, இடம் கெடைக்கலைன்னா காப்பார் தோட்டத்துக்கு அனுப்பிடுவேங்கிறதுதான். அவரு அக்கா அங்க ரப்பர் பால் வெட்டப் போவுது. அஞ்சு பிள்ளை. பாத்துக்க ஆளில்ல. இவ போனா தொட்டில் ஆட்டிக்கிட்டே கெழவியாயிடுவா."

தாயின் பின்னால் நின்றுகொண்டிருந்த பெண் தலையை மட்டும் நீட்டினாள். "எனக்குத் தொட்டில் ஆட்ட வராது," என்றாள். "நான் ஆட்டினா கயிறு அறுந்துரும். சொல்லிட்டேன்."

நான் மறுத்திருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் தகடுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கிளம்பும்போது அந்த அக்கா, "அப்ப வர்றேன் வாத்தியாரே" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன். அன்றிரவு தலையை வேறு வகிடு எடுத்துச் சீவிப் பார்த்தேன்.

செய்தி பரவி, ஒரு வாரத்தில் பதினோரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். யார்டின் ஓரத்தில் சக்கரம் கழற்றிப் புல்லில் இறக்கிவைத்த பழைய சரக்குப் பெட்டி ஒன்று இருந்தது. அதுதான் பள்ளிக்கூடம். உள்ளே அடுப்புபோலச் சுடும். ஆனால் வெளிப்பக்கத்தில் நானே போட்ட எழுத்துகள் பளிச்சென்று இருந்ததால், சந்தேகம் வந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிப் பார்த்துவரச் சொல்லலாம். பாடப்புத்தகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படித்தவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

பாடம் தமிழ்ப் பள்ளிக்கூட முறைதான். சிலேட்டின் தலையில் பிள்ளையார் சுழி. அதன் கீழே நான் பெரிதாக ஓர் எழுத்தை எழுதுவேன். பிள்ளை அதன்மேலேயே பலப்பத்தை ஓட்டி ஓட்டி, எழுத்து வெண்டைக்காய்த் தடிமன் வரும்வரை எழுதவேண்டும். எழுதும்போது ராகம் போட்டுச் சொல்லவும் வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தொட்ட எழுத்தை முடிக்கும்வரை கையை எடுக்காமல் பழக்கம். இங்கேயோ வழி நெடுக எடுக்க வேண்டும். அதற்காகவே ஒரு பாட்டைக் கட்டினேன்.

"ஓ... இந்தப் பக்கம் பிறை! கையைத் தூக்கு! அந்தப் பக்கம் பிறை!"

பதினோரு பேரும் சேர்ந்து கத்துவார்கள். "கையைத் தூக்கு!" என்ற இடத்தில் பெட்டியே அதிரும். பக்கத்துத் தடத்தில் நிலக்கரி அள்ளும் ஆட்களும் எங்களோடு சேர்ந்து கத்தக் கற்றுக்கொண்டார்கள். சிறிய எழுத்து என்று ஒன்று இருப்பதை ஒரு பையன் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து கேட்டான். சரக்குப் பெட்டியில் சிறிய எழுத்து கிடையாது. "அது சின்ன உத்தியோகத்துக்கு," என்றேன். "நாம பெருசாவே ஆரம்பிப்போம்."

இன்னொரு போர்ட்டரின் மகன்தான் முதல் கலகக்காரன். இரண்டாம் வாரம் அவன் சிலேட்டில் முழு வட்டம் ஒன்று இருந்தது.

"என்னடா இது?"

"ஓ."

"இது கோழிமுட்டை. இடைவெளி எங்கே?"

"இடைவெளி இல்லாமலும் ஓ மாதிரிதான் இருக்கு, வாத்தியாரே."

காதைத் திருகினேன். வகுப்பு அடங்கியது. பாயிண்ட்ஸ்மேன் மகள் மட்டும் அடங்கவில்லை.

"இடைவெளி எதுக்கு, வாத்தியாரே?"

"எழுத்து மூச்சு விட வேணாமா?"

"அப்ப தமிழ் எழுத்து எப்படி மூச்சு விடுது?"

"தமிழ் பழைய பாஷை. பழகிப்போச்சு."

அடுத்த நாள் ஒரு காலிப் பால்டின்னோடு வந்தாள். அதிலிருந்த எல்லா எழுத்தும் மூடியிருந்தது. "கடைச் சாமான்," என்றேன். மறுவாரம் என் கையைப் பிடித்து ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துப்போய்ப் பெயர்ப்பலகையைக் காட்டினாள். சர்க்கார் பலகை, எழுத்து மூடியிருந்தது. "இதைக் கான்ட்ராக்ட்காரன் எழுதியிருப்பான்," என்றேன். அதற்கடுத்த வாரம் உள்ளங்கையில் ஒரு காசை வைத்து நீட்டினாள். அரசரின் தலை, தலையைச் சுற்றி எழுத்து. ஒன்றில்கூட இடைவெளி இல்லை.

"ராசா காசிலேயே மூடித்தான் இருக்கு, வாத்தியாரே."

"அவர் ராசா. எப்படி வேணும்னாலும் எழுதுவார். நாம ரயில்வே."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கூட்ஸ் ஆபீசில் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் இருந்தார். கிராணி என்றால் எங்களுக்குக் கணக்கும் கடிதமும் எழுதும் பெரிய மனிதர். ஒரு நாள் ஏதோ சீட்டு வாங்கப் போனபோது அவர் ஆங்கிலத்தில் எழுதுவதை எட்டிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, புடலங்கொடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில்கூட இடைவெளி இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. முப்பது வருட சர்வீஸ், கையெழுத்து இன்னும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

டிசம்பரில், கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்துக்குப் பெண்ணை அழைத்துப்போக இரண்டு நாள் இருக்கும்போது, என்னுடைய ஓ தகடு உடைந்தது. வருடக்கணக்கில் பிரஷ் குத்துப்பட்டு மேல்துண்டும் கீழ்த்துண்டும் முறிந்து, நடுவிலிருந்த தகரவட்டம் தனியாகக் கழன்று விழுந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு கொட்டகைத் தகரக்காரரிடம் போனேன். அவர் ஒரு வயதான சீனர். தகடுகளெல்லாம் அவர் வெட்டியவைதான். ஆங்கிலமோ தமிழோ தெரியாது. எங்களுக்குள் பேச்சு பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், நடக்கும். புதிய ஓ வேண்டும், இடைவெளியை ஒழுங்காக விட்டு வெட்டிக் கொடுங்கள் என்றேன்.

"இடைவெளியா?" என்று என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு முறிந்த துண்டைத் தொட்டுக் காட்டினார். "துலாங் லா! துலாங் தாராக், ஜாத்தோ!"

எலும்பு. எலும்பு இல்லாவிட்டால் விழுந்துவிடும். நடுவட்டத்தைப் பிடித்து நிறுத்துவதற்காக அவர் விட்டுவைத்த தகரத்துண்டு அது. துண்டு இருக்கும் இடத்தில் பெயின்ட் படாது. அவ்வளவுதான்.

"அப்படியானால் எழுத்து?" என்றேன்.

பெயின்ட் டின்னில் விரலைத் தோய்த்துச் சுவரில் ஒரு சுற்றுச் சுற்றினார். ஆங்கிலம் தெரியாத அந்த மனிதர் போட்ட ஓ, முழு வட்டமாக, சாவகாசமாக, எனக்கு நேரே இருந்தது. என் உள்ளங்கையில் நடுத்தகரம். எழுத்தின் மூச்சு என்று நாலு மாதம் நான் பாடம் நடத்தியது தகரத்தின் எலும்பை.

மலேரியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் என்ன என்று முதலில் தோன்றியது. அந்த வாரம் பார்த்து உடம்பு கல்லாக இருந்தது. சாயங்காலம் லயத்துக் குழாயடிக்குப் போனேன். பெண் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளன்னிக்குக் கன்னியாஸ்திரி மதர் முன்னாடி எழுதுறப்ப இடைவெளி விடாதே," என்றேன்.

"ஏன்?"

"மாத்திட்டாங்க."

"யாரு மாத்தினா?"

வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூடினேன். "யாரும் மாத்தல. நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்."

கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "அப்ப அவன் காது?" என்றாள்.

அவளே மேலும் சொன்னாள்: "கை தானா எந்திரிக்குது, வாத்தியாரே. ரெண்டு நாள்ல மறக்குமா? அத்தைக்கு ஆறாவதும் பொறந்துடுச்சாம். நேத்து ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு. அப்பா என் துணியையெல்லாம் எடுத்துவைக்கச் சொல்லிட்டாரு."

போகிற வழியில் ஒரு பொட்டலம் கச்சான் வாங்கிக்கொண்டு போர்ட்டர் மகனைத் தேடினேன். நீ எழுதியதுதான் சரி என்று சொல்லிக் கடலையை நீட்டினேன். அவன் ஒரு கையால் காதை மூடிக்கொண்டு மறுகையால் வாங்கினான்.

அந்த இரண்டு நாளும் சரக்குப் பெட்டிக்குள் நடந்ததைப் பாடம் என்று சொல்லமுடியாது. "கையைத் தூக்காதே!" என்று நான் கத்துவேன். நாலு மாதப் பாட்டு அவர்கள் உடம்பிலே ஊறியிருந்ததால், 'தூக்' வரைக்கும் கேட்டதும் பதினோரு கைகளும் எழும். பெண் பலப்பம் தேயத் தேய எழுதினாள். நிதானமாக எழுதினால் பத்துக்கு ஆறு மூடியது. வேகமாக எழுதினால் ஒன்றும் மூடவில்லை. வெளியே நிலக்கரிக்காரர்கள் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

பள்ளிக்கூடத்துக்கு நானும் வரவேண்டும் என்று அந்த அக்கா ஒற்றைக்காலில் நின்றார். மேஸ்திரியின் கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். அதில் இரண்டு பேர் நுழையலாம். தாழ்வாரத்தில் வெள்ளையுடையில் உயரமான மதர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பேச்சை மாற்றிச் சொல்வதற்குத் தமிழ் டீச்சரம்மா. வயதைக் கேட்டார்கள். அம்மை குத்திய தழும்பைப் பார்த்தார்கள். பல்லைப் பார்த்தார்கள். அத்தோடு முடிந்தது போலத்தான் இருந்தது. மதர் பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். அப்போது பெண்ணின் தாய் குறுக்கிட்டார்.

"டீச்சரம்மா, எம் மகளுக்கு ஏ பி சி டி முழுசும் எழுதத் தெரியும்னு சொல்லுங்க. வாத்தியார் வச்சுப் படிச்சிருக்கா."

டீச்சரம்மா சொன்னார். மதர் பேனாவை வைத்துவிட்டுச் சிலேட்டை நீட்டினார்.

பெண் முதலில் பிள்ளையார் சுழி போட்டாள். டீச்சரம்மா அதைக் காணாதவர்போலச் சுவரைப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தாள். அவள் உதடு அசைவதைக் கண்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பாட்டு. அந்த இடம் வந்ததும் கை எழுந்தது. ஏயின் கோடு அந்தரத்தில் தொங்கியது. டியின் வில் கம்பைவிட்டு விலகி நின்றது. இஸட் வரைக்கும் நிற்காமல், கோடு போட்டதுபோல நேராக, அழகாக எழுதி முடித்தாள். ஏழு எழுத்தும் திறந்து கிடந்தது.

மதர் சிலேட்டைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"யார் சொல்லிக்கொடுத்ததுன்னு கேக்குறாங்க," என்றார் டீச்சரம்மா.

பெண்ணின் தாய் பெருமையோடு என்னைச் சுட்டிக் காட்டினார். நான் கோட்டுக்குள் கொஞ்சம் இறங்கினேன்.

"நீங்க எங்க வாத்தியாரா இருக்கீங்க?"

"ரயில்வேயில."

"ரயில்வேயில வாத்தியார் வேலை இருக்கா?"

"பெயின்ட் வேலைங்க."

இது ஆங்கிலமாகி மதர் காதுக்குப் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நிறையப் பேசினார். டீச்சரம்மா குரலைத் தணித்துக்கொண்டு பெண்ணின் தாயிடம் சொன்னார்:

"இங்க எழுதத் தெரிஞ்சுக்கிட்டு வரணும்னு யாரும் கேக்கலம்மா. எழுதச் சொல்லிக்கொடுக்கத்தானே ஸ்கூல்? ஒண்ணுமே தெரியாத பிள்ளைன்னா இந்நேரம் பேர் பதிஞ்சிருப்பாங்க. இது தப்பாப் பழகிப்போன கை. வயசும் விளிம்புல நிக்குது. திருத்துறதுக்குள்ள ஒரு வருசம் போயிடும். தமிழ் ஸ்கூல்லயே போடுங்கன்னு சொல்றாங்க."

பெண்ணின் தாய் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். குடைக்காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பெண் யாரையும் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த சிலேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஏயின் கோட்டை இரண்டு காலோடும் சேர்த்தாள். டியின் வில்லைக் கம்பில் ஒட்டவைத்தாள். ஓவுக்கு மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு. இப்போது உதடு அசையவில்லை. ஒவ்வொன்றாக ஏழு எழுத்தையும் மூடினாள். பிறகு கீழே கொஞ்சம் இடத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, புதிதாக ஓர் ஓ எழுதத் தொடங்கினாள். பாதிவட்டம் வந்தது, கை எழப் போனது. உடனே இடதுகையால் வலதுமணிக்கட்டைப் பிடித்துச் சிலேட்டோடு அழுத்தினாள். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு மிச்சப்பாதியைச் சுற்றி முடித்தாள். வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. ஆனால் மூடியிருந்தது.

மதர் வட்டத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்த இடதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்தார். டீச்சரம்மாவிடம் இரண்டு மூன்று சொல்தான் சொன்னார்.

"ஜனவரியில ஸ்கூல் திறக்கிற அன்னைக்கு ஏழரைக்கெல்லாம் வந்துரணும். காலுக்குச் சப்பாத்து போட்டுக்கிட்டு வரணும்," என்றார் டீச்சரம்மா.

வெளியே வெயில் கொளுத்தியது. பெண் முன்னால் போனாள். வலதுமணிக்கட்டை இடதுகையால் இன்னும் பிடித்துக்கொண்டே நடந்தாள். விட்டுவிடலாம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நாலு மாதம் அந்தத் தகர அடுப்புக்குள் வெந்திருக்கிறேன்; ஒரு நல்ல வார்த்தை வராதா என்று மனம் அடித்துக்கொண்டது.

"என்ன இருந்தாலும் அக்கா," என்றேன், "எழுத்து இருபத்தாறும் வரிசையா மனசுல நின்னதாலதானே அவளால சமாளிக்க முடிஞ்சுது."

அந்த அக்கா குடையை விரித்து, மகளுக்கு நிழல் விழும்படி எட்டிப் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். காலையில் லயத்தைவிட்டுக் கிளம்பும்போதுகூட வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"வாஸ்தவந்தான் தம்பி," என்றார். "வர்ற வருசம் எந் தங்கச்சி மகளையும் இங்கதான் சேக்கணும். அவளுக்கு மட்டும் நீங்க ஒண்ணும் சொல்லிக்கொடுத்துடாதீங்க."